வளையல் கைப் பக்கம்

விசாரணைக் குழுவின் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் பொய் சொன்னேன். "நினைவில்லை" என்றேன். நன்றாக நினைவிருந்தது, இன்றும் இருக்கிறது. அதைத் தொடர்ந்து இன்னொரு வாக்கியமும் சொன்னேன். அது உண்மை. பொய்யைவிட அந்த உண்மைதான் அதிகக் கெடுதல் செய்தது. இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தன. அவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயரைப் போட அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அதனால் பெயர் இல்லை.

தில்லியின் பெரிய மருத்துவமனை ஒன்றில் நான் காது மூக்கு தொண்டைப் பிரிவின் தலைவனாக இருந்தேன். அவர் எங்கள் பிரிவில் தலைசுற்றல் நோயாளிகளுக்குச் சோதனைகள் செய்யும் டெக்னீஷியன். நிரந்தர வேலை இல்லை. ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். நாற்பதைத் தாண்டிய வயது. உயரமானவர். பருத்திப் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. வலது கையில் மட்டும் ஒரு சிவப்புக் கண்ணாடி வளையல். இடது கை மொட்டை.

அந்த வளையலுக்குக் காரணம் உண்டு. அவருக்கு இடது எது, வலது எது என்று சட்டென்று சொல்ல வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். படித்திருந்தார், வேலையில் கெட்டிக்காரர், கணக்கெல்லாம் மனதிலேயே போடுவார். ஆனால் "வலது பக்கம் திரும்புங்கள்" என்று சொல்வதற்கு முன் வளையலை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஆட்டோவில் ஏறினால், "பையா, சூடி வாலீ தரஃப்" என்பார். அண்ணே, வளையல் போட்ட பக்கம் போ என்று பொருள். ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பான். இவர் கையைத் தூக்கி வளையலைக் காட்டுவார். அவன் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் ஒடிப்பான்.

இதை அவர் மறைத்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் அறைக்கு வந்து, "சார், ஒண்ணு சொல்லிப்புடுதேன். எனக்கு ரைட்டு லெஃப்டு தகராறு உண்டு. அதனால எல்லாத்தையும் தொட்டுப் பாத்துத்தான் செய்வேன். கொஞ்சம் லேட்டாகும். திட்டாதீங்க" என்றார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் வீட்டுத் தமிழ் திருநெல்வேலி. எங்கள் வீடு தஞ்சாவூர்ப் பக்கம். அவர் பேசுவதைக் கேட்க எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அவர் அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே மஞ்சள், ஒரே படிக்கட்டு. ஏழு வயதில் ஒரு நாள், மந்திர் மார்க் பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர் வலது பக்கம் திரும்புவதற்குப் பதிலாக இடது பக்கம் திரும்பிவிட்டார். திறந்திருந்த வீட்டுக்குள் போய், பையைப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தும் விட்டார். அது ஒரு வங்காளிக் குடும்பத்தின் வீடு. அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் தட்டு வைத்துச் சோறு போட்டிருக்கிறார். "மீன் துண்டு தட்டுல விழுந்தப்பதான் சார் எனக்கே டவுட் வந்துச்சு. எங்க வீட்டுல முட்டைகூடக் கிடையாது."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"சாப்பிட்டு முடிச்சிட்டுத்தான் அழுதேன்."

மறுநாள் அவர் அப்பா அந்த வளையலை வாங்கிப் போட்டாராம். உடைய உடைய அதே சிவப்பில் வேறு வாங்கிக்கொள்வார். அவரிடம் ஒரு வாசகம் இருந்தது, நோயாளிகளிடமும் பயிற்சி டாக்டர்களிடமும் ஒரே மாதிரிச் சொல்வார்: "தெரியலைன்னா தொட்டுப் பாத்துக்க வேண்டியதுதானே, இதுல என்ன வெக்கம்?"

தலைசுற்றல் நோயாளிகளிடம் ஒரு சங்கடம் உண்டு. டாக்டர் முன்னால் வரும்போது அவர்களுக்குத் தலை சுற்றாது. வீட்டில் மாவு பிசையும்போது சுவர் சாயும், பஸ்ஸில் நிற்கும்போது தரை நழுவும். எங்களிடம் வந்து உட்காரும்போது எல்லாம் சரியாக இருக்கும். சுற்றும் நேரத்தில் கண்மணி ஒரு பக்கமாகத் துடிக்கும். எந்தப் பக்கம் துடிக்கிறது, எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தால் எந்தக் காதில் கோளாறு என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் அங்கே இருக்கமாட்டோம். "கண் முன்னாடி சுத்தலைன்னா பொய்யா?" என்று அவர் பயிற்சி டாக்டர்களிடம் சண்டைக்குப் போவார்.

அப்படியிருக்கும்போதுதான் சோதனை முயற்சியாக எங்களுக்கு நான்கு பட்டைகள் வந்தன. நெற்றியில் கட்டிக்கொள்ளும் பட்டை. நடுவில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பெட்டி. இரண்டு பக்கமும் தொங்கும் மெல்லிய ஒயர்களைக் கண்களின் வெளி ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போய் வழக்கம்போல் இருக்கலாம். தலை எப்படி அசைகிறது, கண் எந்தப் பக்கம் துடிக்கிறது என்பதையெல்லாம் அந்தப் பெட்டி இரவும் பகலும் பதிந்துகொண்டே இருக்கும். சுற்றல் வந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். குளிக்கும்போது கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒன்றைத் தன் நெற்றியிலேயே கட்டிக்கொண்டு கான்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். வந்ததும் சொன்னார், "சார், இதுல ஒரு கண்டம் இருக்கு. தலைகீழா மாட்டினாலும் அச்சா பொருந்துது. தலைகீழா மாட்டினா லெஃப்டு ரைட்டாயிரும்லா?"

"மேலே அம்புக்குறி போட்டிருக்கிறதே."

"சாம்பல் கலர்ல சாம்பல் அம்பு. எனக்கே தெரியல, எழுபது வயசுப் பாட்டிக்கா தெரியப்போகுது?"

மறுநாள் நான்கு பட்டைகளின் வலது முனையிலும் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் எளிதாகிவிட்டது: பொட்டு வலது காதுப் பக்கம் வரவேண்டும், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற ஒரு ராணுவ சுபேதார் மட்டும் முறைத்தார். "மேடம்ஜி, இத்தனை வருஷம் ஃபௌஜில் இருந்துவிட்டு இப்போது நான் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா?" என்று இந்தியில் கேட்டார். இவர் அசரவில்லை. "ஆப்கே லியே நஹீன், ஃபௌஜீ ஸாப். மஷீன் கே லியே." உங்களுக்கு இல்லை, மெஷினுக்கு. சுபேதாரின் மனைவி சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது.

பட்டைகளைக் கொடுத்தவர்களிடமிருந்து ஒரு குழு பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் நான் சோதனை அறைக்குப் போனேன். பொட்டுகளைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது.

"இது என்ன டிரெஸ்ஸிங் டேபிளா?" என்றேன்.

"வலது பக்கம் தெரியட்டும்னு வெச்சேன் சார்."

"உங்களுக்குத் தெரியாதென்றால் என்னைக் கேளுங்கள்."

"எனக்குத் தெரியாதுதான் சார். பேஷண்டுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே நான்கு பொட்டுகளையும் நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன். இரண்டு பயிற்சி டாக்டர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.  அவர் பசை ஒட்டிய இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து வைத்தார்.

குழு வந்து போன பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். இவர் காலையில் வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டிருந்தார். லீவு எழுதிக்கொடுக்க நின்றவரிடம் நான்தான் சொன்னேன், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கிளம்புங்கள். இன்றைய கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன்." அதைச் சொன்னபோது மனதார நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அன்று மாலை அவர் அம்மா இறந்துவிட்டார்.

அன்று மதியம் பட்டை கட்ட வேண்டிய நோயாளி, கரோல் பாகில் ஒரு தையல் கடையின் கட்டிங் மாஸ்டர். ஐம்பது வயதிருக்கும். மெஷின் சத்தத்தில் வருடக்கணக்காக இருந்ததால் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. இரண்டிலும் இரைச்சல் இருந்தது. எனவே எந்தக் காது தலைசுற்றலுக்குக் காரணம் என்று தெரியவில்லை. காதில் நீர் விட்டுச் செய்யும் சோதனையில் வாந்தி எடுத்துவிட்டு, இனிமேல் அது வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு நான் பட்டையைக் கட்டினேன். எப்படிக் கழற்றி மாட்ட வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தேன். நான் கட்டியபடியே அவர் பதினோரு நாள் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர். சொன்னதை அப்படியே செய்பவர்.

இரண்டு முறை சுற்றல் வந்து பதிவாகியிருந்தது. கண் துடிப்பைப் பார்த்தேன். தொடக்கத்தில் எந்தப் பக்கம், பிறகு எந்தப் பக்கம் என்று நுணுக்கமாகத்தான் பார்த்தேன். கோளாறு இடது காதில் என்று முடிவு செய்தேன். கோளாறுள்ள காதின் சமநிலை உறுப்பை மருந்தால் அடக்கிவிடும் ஒரு சிகிச்சை உண்டு. செவிப்பறை வழியாக ஊசி போடுவது. இடது காதில் முதல் ஊசியைப் போட்டேன். இரண்டாவதற்கு அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு அவர் வேலைக்கு வந்தார். வந்ததும் தான் இல்லாதபோது சேர்ந்த பதிவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறார். யாரும் அவரைப் பார்க்கச் சொல்லவில்லை. மதியம் என் அறைக்கு வந்தார்.

"சார், அந்த மாஸ்டர்ஜி என்ன சர்க்கஸ்காரரா?"

"ஏன்?"

"பதினோரு நாளும் தலைகீழால்லா நடந்திருக்காரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பட்டைக்குள் இருக்கும் பெட்டி, பூமி எந்தப் பக்கம் என்பதையும் பதியும். அது பதிவான தாளை நான் புரட்டிப் பார்க்கவே இல்லை; கண் துடிப்பை மட்டும் பார்த்தேன். அதில் பூமி மேலே இருந்தது. பட்டை தலைகீழாக இருந்திருக்கிறது. இடது என்று நான் படித்தது வலது.

"அடுத்த ஊசி என்னைக்கு சார்?"

"நாளைக்கு."

"போடாதீங்க." பிறகு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "அவர்ட்ட சொல்லணும்."

"சொல்லலாம். யோசித்துச் சொல்லலாம்."

"யோசிக்க என்ன சார் இருக்கு? எந்தக் காதுல போட்டோம்னு அவருக்கே தெரியும். எந்தக் காதுல போட்டிருக்கணும்னுதான் தெரியாது."

இரண்டாவது ஊசி போடப்படவில்லை. ஆனால் சிலருக்கு அந்த மருந்து ஒரு முறையே போதும். கெட்ட காது ஏற்கெனவே கெட்டிருந்தது. இப்போது நல்ல காதும் போனது. மாஸ்டரால் சுவரைப் பிடிக்காமல் இருட்டில் ஓரடி வைக்க முடியவில்லை. நடந்தால் எதிரில் இருப்பதெல்லாம் குதித்தது. கத்தரிக்கோலைத் துணியில் நேராக ஓட்ட முடியவில்லை. "நோய் அடுத்த காதுக்கும் பரவிவிட்டது" என்று அவரிடம் நான் சொன்னேன். அவர் என் காலைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் எங்கள் டெக்னீஷியன் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக்கொடுத்தார். அதனால்தான் விசாரணை. அவர் எழுதியதில் என் மேல் குற்றச்சாட்டு என்று ஒரு வரிகூட இல்லை. நோயாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. குழு அதை விட்டுவிட்டு, பட்டையைக் கட்டியது யார் என்று கேட்டது.

"அன்னைக்கு மத்தியானம் நான் இங்க இல்ல" என்றார் அவர். "எங்கம்மா விழுந்துட்டாங்க. சார்தான் அனுப்பி வெச்சாங்க. சார், சொல்லுங்க."

வருகைப் பதிவில் அவர் கையெழுத்து இருந்தது. லீவுக் கடிதம் மறுநாளிலிருந்துதான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. "நினைவில்லை" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் தடுமாறுவதாகத்தான் நினைத்தார் போலிருக்கிறது. எடுத்துக்கொடுப்பதுபோல, "செவ்வாக்கிழமை சார், பதினொரு மணி இருக்கும்" என்றார். அப்போதுதான் நான் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன்: "இவருக்கு இடது வலது குழப்பம் உண்டு என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும்."

குழுவின் தலைவர் அவர் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாது.

அந்த ஆண்டு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் சாவியைக் கொடுக்க வந்தவர், "சார், அந்த நாலு பட்டையிலயும் பொட்டு ஒட்டிட்டுப் போகட்டா? இன்னொருத்தருக்கு ஆயிரக் கூடாதுல்லா" என்றார். நான் தலையாட்டினேன். ஒட்டிவிட்டுப் போனார்.

இது நடந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வு பெற்ற பிறகும் என்னைப் பேச அழைப்பார்கள். போன வருடம் மாணவர்கள் முன்னால், உடலில் அணியும் கருவிகளைப் பற்றிப் பேசினேன். பதிவைப் படிக்கும் முன் பூமி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள், பட்டை தலைகீழாக இருந்தால் அதில் தெரிந்துவிடும் என்று ஒரு படத்தைப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஒரு மாணவி எழுந்து, "இதை முதலில் கவனித்தது யார் சார்?" என்று கேட்டாள். "எங்கள் பிரிவில்தான்" என்றேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், சாப்பிட முடியவில்லை. அன்றே மருத்துவமனைக்கு நடந்தது முழுவதையும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது, மீண்டும் திறக்க வழியில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அந்தக் கடிதத்தின் நகலோடு அவரைத் தேடிப் போனேன். கரோல் பாகில் காதுகேட்கும் கருவிகள் விற்கும் ஒரு கடையில் இருந்தார். தலைமுடி முக்கால்வாசி நரைத்திருந்தது. எத்தனையோ மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்தாராம். பழைய இடத்தில் வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடுமாம். கடிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"சார், இது ஆஸ்பத்திரிக்கு எழுதினது. மாஸ்டர்ஜிக்கு எழுதினது எங்க?"

நகலைத் திருப்பி என் கையில் கொடுத்தார்.

"என் கதையை அப்புறம் பாக்கலாம். அவர் வீடு இங்கனதான். பைய நடந்தாகூடப் பத்து நிமிஷம்." விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டார்.

மாஸ்டர் மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். நான் என் இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் மாஸ்டர் தலையசைத்தார். தெரியும் என்றார். மேடம்ஜி வேலையை விட்ட வாரமே வந்து சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி நடக்கப் பழக்கினாராம்.

"தெரிந்துமா நீங்கள் புகார் கொடுக்கவில்லை?" என்று கேட்டேன்.

மனைவிதான் பதில் சொன்னார். "காகிதத்தில் உங்கள் பெயரா இருந்தது? மேடம்ஜி பெயர்தானே இருந்தது! புகார் கொடுத்தால் மாட்டப்போவது யார்?"

மாஸ்டர் என் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஆப்கா ஜீ ஹல்கா ஹோ கயா, டாக்டர் ஸாப்" என்றார். "மேரா ஸிர் தோ வஹீ ஹை." உங்கள் மனம் இலேசாகிவிட்டது, என் தலை அப்படியேதான் இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. துணி அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த மாதமே அவர்கள் மருத்துவர்களைப் பதிவு செய்யும் குழுமத்தில் புகார் கொடுத்தார்கள். என் கடிதம்தான் முதல் ஆதாரம். முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: என் பெயரைப் பதிவிலிருந்து நீக்கினார்கள். ஆணையில் அந்த டெக்னீஷியன் மீது எந்தத் தவறும் இல்லை என்று ஒரு பத்தி இருக்கிறது. அதன் நகலைக் காட்டி அவர் இப்போது வேறொரு மருத்துவமனையின் தலைசுற்றல் பிரிவில் சேர்ந்திருப்பதாக மாஸ்டரின் மனைவி போனில் சொன்னார். மாஸ்டருக்கு நான் எதையும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

குழுமத்தின் விசாரணை நாளன்று வராந்தாவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. எதிர் வரிசையில் மாஸ்டரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் சாட்சியாக அவர். என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து அவர் அருகில் போனேன்.

"நீங்கள் கடை வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். நானே எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன்" என்றேன்.

"சரி சார்" என்றார். எழுந்திருக்கவில்லை. "சொல்லி முடிங்க. அதுக்கப்புறம் கெளம்புதேன்."

உள்ளே எனக்குப் பின்னால் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டையைக் கட்டியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அப்போது இந்த அம்மாள் எங்கே இருந்தார் என்று கேட்டார்கள். அவருடைய தாயார் விழுந்துவிட்டதால் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நானே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். முன்பு ஏன் நினைவில்லை என்று சொன்னீர்கள் என்றார்கள். பொய் சொன்னேன் என்றேன். எழுதுபவர் அதை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் கதவைத் தாண்டிவிட்டிருந்தார்.